காருக்குக் கீழே மாப்பிள்ளை

றஹீமா தன் மருமகன் மசூரோடு ஏழு மாதமாக ஒரு சொல் கதைத்ததில்லை. சண்டை ஒன்றும் இல்லை. மருமகன் என்றால் அவளுக்கு உயிர். அந்த உயிரோடுதான் கதைக்கக்கூடாது.

கல்முனைப் பக்கத்தில் பெண்ணைக் கட்டியவன் பெண் வீட்டிலேயே வந்து குடியிருப்பான். ஒரே கூரை, ஒரே கிணறு, ஒரே சோற்றுப் பானை. இத்தனை நெருக்கத்துக்கு நடுவில் மரியாதை நிற்க இடம் வேண்டுமே. அதனால் மாமி மருமகனுக்கு முன்னால் வரமாட்டாள். வந்தாலும் முக்காட்டை இழுத்துக்கொண்டு கதவுக்குப் பின்னால் நின்றுவிடுவாள். அவன் காதில் விழவேண்டியதை மகள் நபீலாவிடம் சொல்வாள். நபீலா இல்லாவிட்டால் சுவரிடம் சொல்வாள். சுவரும் தூரமாக இருந்தால் கோழி, ஆடு, கிணற்று வாளி, எது அகப்பட்டாலும் அதனிடம்.

மசூரும் இந்த விசயத்தில் இலேசுப்பட்டவன் அல்ல. மாமியின் குரல் கேட்டால் கேட்காதவன் போல இருப்பதுதான் நல்ல மாப்பிள்ளைக்கு அழகு என்று சம்மாந்துறையிலிருந்து அவனுடைய உம்மா சொல்லி அனுப்பியிருந்தாள். கணக்கு வாத்தியார் அல்லவா, சொன்னதைச் சொன்னபடியே செய்தான். ஒருநாள் அவன் கதிரைக்கடியில் சாரைப்பாம்பு ஒன்று படுத்திருந்தது. றஹீமா சுவரைப் பார்த்து, "பாம்பு கிடக்கு, காலத் தூக்கச் சொல்லு" என்றாள். சுவர் சொல்லவில்லை. மசூரும் காலைத் தூக்கவில்லை. நபீலா கிணற்றடியிலிருந்து வந்து சேர்வதற்குள் பாம்புக்கே அலுத்துப் போய் அடுத்த வளவுக்கு எழும்பிப் போய்விட்டது.

அப்படிப்பட்ட மாப்பிள்ளை, ஹஜ்ஜுப் பெருநாளுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, காருக்குக் கீழே போய்ப் படுத்தான்.

கார் என்றால் அவனுடைய பழைய ஒஸ்டின் கார். அதைச் சாய்ந்தமருதில் ஸ்டார்ட் பண்ணினால் காரைதீவில் கோழிகள் மழை வருகிறதென்று கூட்டுக்குள் போகும். மழைக்குக் குடை பிடித்துக்கொண்டு ஓட்ட வேண்டும். வெயிலுக்கும் பிடிக்கலாம். முதல்நாள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அதன் சைலன்சர் கழன்று றோட்டில் இழுபட்டு, சந்தியிலிருந்து வாசல் வரைக்கும் நெருப்புப் பொறி பறக்க வந்து சேர்ந்தது. பெருநாளன்று நபீலாவை அதில் ஏற்றிக்கொண்டு சம்மாந்துறைக்குத் தன் உம்மாவைப் பார்க்கப் போவதாக மசூர் வாக்குக் கொடுத்திருந்தான். நபீலா முழுகாமல் இருந்தாள், வயிற்றில் நாலு மாதம். பஸ்ஸில் இடிபட்டுப் போக விடமாட்டான். ஆகவே சைலன்சரைக் கம்பி போட்டுக் கட்டியே ஆகவேண்டும்.

எங்கேயோ கார் தூக்கும் ஜக்கு ஒன்றை இரவல் வாங்கி வந்தான். நடு வாசலில் காரை நிறுத்தி, ஜக்கை முன்பக்கத்துக்குக் கீழே வைத்து உயர்த்தினான். இங்கேதான் தவறு நடந்தது. அது கொழும்பில் நடக்காது, கண்டியில் நடக்காது. பெருநாள் வந்தால் வாசலுக்குப் புது மணல் போடுகிற ஊரில்தான் நடக்கும். றஹீமா முந்தின நாள்தான் இரண்டு வண்டில் கடற்கரை மணல் இறக்கி வாசல் முழுக்கப் பரப்பியிருந்தாள். தும்பைப்பூ மாதிரி வெள்ளை. மாவு மாதிரி மெத்து. அதன்மேல் பூனை நடந்தால் வயிறு வரை புதையும் என்று ஊரில் பேச்சு.

மசூர் அந்த மணலின்மேல் ஒரு பிஸ்கட் டின் மூடியை வைத்தான். மூடியின்மேல் ஜக். ஜக்கின்மேல் கார். காருக்குக் கீழே தான்.

வீட்டில் வேறு யாரும் இல்லை. றஹீமாவின் புருசன் அச்சிமுகம்மது விதைப்புக்கு வயல் வட்டைக்குப் போயிருந்தார். நபீலா உடுப்புத் தைக்கக் கொடுத்த இடத்துக்கு. அயலில் இருந்தவர்கள் பெருநாள் சாமான் வாங்கப் பசாருக்கு. றஹீமா குசினி யன்னலால் எட்டிப் பார்த்தபோது கண்ணில் பட்டது வானத்தைப் பார்த்த கார் மூக்கும், அதற்குக் கீழே இரண்டு பாதமும்தான்.

அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே பார்த்தாள். முதல் வெங்காயம் உரிக்கும்போது டின் மூடியின் விளிம்பு தெரிந்தது. இரண்டாவது உரித்து முடிக்கும்போது விளிம்பைக் காணோம். மூன்றாவதை அவள் உரிக்கவில்லை. ஜக்கு ஒரு விரற்கடை கீழே போயிருந்தது, கொஞ்சம் சரிந்தும் இருந்தது. வெங்காயத்தால் வந்த கண்ணீர் அப்படியே பயக் கண்ணீராக மாறிவிட்டது, இடையில் ஒரு துளி கூட நிற்கவில்லை.

முக்காட்டை இழுத்துக்கொண்டு குசினிக் கதவடிக்கு வந்தாள். வாசலில் ஒரு கோழி மணலைக் கிளறிக்கொண்டு நின்றது.

"ஏ கோழி," என்றாள் றஹீமா. "ஜக்கு மணலுக்குள்ள எறங்குது. கீழ கிடக்கிறவருக்கிட்டச் சொல்லு, வெளியில வரச்சொல்லி."

கோழி தலையைச் சரித்துப் பார்த்தது. காருக்குக் கீழே கம்பி முறுக்கும் சத்தம் சட்டென்று நின்றது. மசூருக்குக் குரல் கேட்டுவிட்டது. கேட்டதும், நல்ல மாப்பிள்ளை செய்யவேண்டியதைச் செய்தான். மாமி நடமாடுகிறா என்று தெரிந்து, தான் இருப்பதை அறிவிக்க ஒருதரம் தொண்டையைச் செருமினான். பிறகு அவ யாரோடோ கதைப்பதைக் கேட்பது மரியாதையல்ல என்று காதைக் கொடுக்காமல் வேலையைத் தொடர்ந்தான்.

"கோழி, ஒனக்குச் சொல்றது வெளங்குதா? அந்தக் காரு மனிசன்ட நெஞ்சில எறங்கப் போகுது."

மறுபடியும் ஒரு செருமல். முந்தியதைவிட மரியாதையானது.

ஜக்கு இரண்டாவது விரற்கடை இறங்கியது.

மரியாதையால் செத்த முதல் மாப்பிள்ளை என்று இவன் பெயர் ஊரில் நிற்கப்போகிறது என்று றஹீமா நினைத்தாள். கதவடியில் கிடந்த சிரட்டையை எடுத்து அந்தப் பாதத்தைப் பார்த்து எறிந்தாள். குறி தப்பவில்லை. பாதம் ஒருதரம் உதறிவிட்டு, "சூ, போ" என்றது. கோழி தன்னைத்தான் என்று நினைத்து ஓடிவிட்டது. இருந்த ஒரு தூதும் போயிற்று.

அந்த நேரம் படலைக்கு வெளியே ஊது குழல் கேட்டது. மீன்காரன் கோணாமலை. சைக்கிளின் பின்னால் பெட்டி, பெட்டிக்குள் கீரிமீன். அவன் வாய் அந்தக் கரையில் பேர்போனது. தம்பிலுவிலில் ஒரு செய்தியை அவன் காதில் போட்டால் கல்முனைக்கு வரும்போது அதற்குக் கல்யாணமாகி மூன்று பிள்ளைகள் இருக்கும். றஹீமாவுக்கு அன்று அவனைக் கண்டது மழைக்காலத்தில் வெயிலைக் கண்ட மாதிரி இருந்தது.

"கோணாமலை, ஓடி வா தம்பி. மீன் வேணாம். அந்தா காருக்குக் கீழ கிடக்கிறவருக்கிட்டப் போய்ச் சொல்லு, ஜக்கு தாளுதெண்டு. உடன வெளியில வரட்டாம்."

கோணாமலை சைக்கிளை மதிலில் சாத்திவிட்டு, மணலில் காலை இழுத்து இழுத்துப் போய்க் குனிந்தான்.

"மாப்பிள்ள, மாமி சலாம் சொல்லுறா."

"வஅலைக்கும் ஸலாம்," என்றது காருக்குக் கீழிருந்து.

"சுகமா எண்டு கேக்கிறா."

"அல்ஹம்துலில்லாஹ். மாமிட முழங்கால் வருத்தம் எப்பிடியாம்?"

கோணாமலை திரும்பி முப்பது எட்டு வைத்து நடந்து கதவடிக்கு வந்தான். "அக்கா, ஒங்கட முழங்கால் எப்பிடி எண்டு கேக்கிறார்."

"என்ட முழங்கால் இரிக்கட்டும். அவர்ர நெஞ்சு இரிக்காது. ஜக்கச் சொன்னியா?"

"அதத்தான் சொல்ல வந்தன், அதுக்குள்ள அவர் சுகம் விசாரிச்சிட்டார். நல்ல புள்ள அக்கா, இந்தக் காலத்தில இப்பிடி ஒரு மருமகன் கிடைக்கிறதெண்டா..."

"போடா முதல்ல."

முப்பது எட்டு. "மாப்பிள்ள, ஜக்கு தாளுதாம். வெளியில வரட்டாம்."

காருக்குக் கீழே மனக்கணக்கு ஒன்று நடந்தது. பிறகு கணக்கு வாத்தியாரின் குரல் வந்தது. "மாமிக்குச் சொல்லுங்க, கோவிக்க வேணாமாம். இந்த ஜக்கு ரெண்டு தொன் தாங்கும். காரு ஒரு தொன்னும் இல்ல. அதிலயும் பாதிப் பாரம் பின் சில்லில கிடக்கு. ஆக நாலுக்கு ஒண்டு கூட ஜக்கில இல்ல. பயப்பட ஒண்டுமில்ல. கடைசிக் கம்பி மட்டுந்தான் மிச்சம்."

கோணாமலைக்குக் கணக்கு வராது. முப்பது எட்டு நடந்து வரும் வழியில் தொன் எல்லாம் கலைந்துபோனது. "அக்கா, நாலு ஜக்கு இருக்காம். பயப்பட வேணாமாம்."

"நாலா? அடியில ஒண்டுதானே கிடக்கு," என்றாள் றஹீமா. ஜக்கைப் பார்த்தாள். மூன்று விரற்கடை. "கோணாமலை, இத நல்லாக் கேளு. ஜக்கு காரத் தாங்குமெண்டு வை. அந்த ஜக்கத் தாங்கிறது எது? மணல். நான் நேத்துக் கொட்டின மணல். சோத்துப் பானைக்குக் கூட மூணு கல்லு வேணும். இவர் இந்தப் பெரிய காரை ஒத்தக் கால்ல நிப்பாட்டிப் போட்டு, அதுக்குக் கீழ போய்க் கிடக்கார். ஒண்டு சறுக்கினா ஒண்டு பிடிக்க வேணாமா? இதச் சொல்லு."

சொல்லிவிட்டு அவள் அங்கே நிற்கவில்லை. குசினிக்குப் பின்னால் ஓடினாள். அங்கே அவளுடைய உரல் நின்றது. போன வருசத்துச் சூறாவளி குசினிக் கூரையைத் தூக்கிக் கொண்டுபோய் எந்தக் குளத்தில் போட்டதென்று இன்னும் தெரியாது. தென்னை முறிந்தது, மதில் விழுந்தது. உரல் மட்டும் நின்ற இடத்தில் நின்றது. அதைக் கிணற்றடியிலிருந்து குசினிக்கு மாற்ற அச்சிமுகம்மது நாலு கூலியாட்களைப் பிடித்தார். றஹீமா அதைத் தனியே சரித்தாள். ஒரு உதை. உரல் உருண்டது. முழங்கால் வருத்தம் எந்தப் பக்கம் போயிற்றோ, அவள் பின்னால் உந்த, உரல் முன்னால் ஓட, வாசல் மணலில் தார் போடும் மிசின் போன மாதிரி ஒரு பாதை விழுந்தது. முக்காடு நழுவி மாதுளை மரத்தில் மாட்டிக்கொண்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

கோணாமலை அதற்குள் செய்தி சொல்லும் வேலையில் இருந்தான். குனிந்து குனிந்து இடுப்பு வலித்ததோ என்னவோ, ஒரு கையைக் காரின் மூக்கில் ஊன்றிக்கொண்டு, சாய்ந்து நின்று, "மாப்பிள்ள, சோத்துப் பானையில மூணு கல்லுக் கிடக்காம்" என்றான்.

கார் ஒருதரம் பெருமூச்சு விட்டது. முன்பக்கம் ஒரு சாண் பின்னால் அசைந்தது. பின் சில்லுக்கு ஒரு கல்லும் அணை வைக்கவில்லை. கைப் பிரேக் அந்தக் காரில் ஒரு அலங்காரம். ஜக்கு பாதி ராத்திரி பஸ்ஸில் தூங்கிவிழுகிறவன் தலை மாதிரிச் சரிந்தது.

"கைய எடடா காரில இரிந்து," என்று றஹீமா கத்தினாள். கோணாமலை நெருப்பைத் தொட்டவன் மாதிரிக் கையை எடுத்தான். அவள் உரலைக் கவிழ்த்து, கார்க் கதவுக்குக் கீழே ஓடும் தடித்த இரும்புக்கு நேராக உள்ளே தள்ளினாள். தள்ளிவிட்டு நிமிர்ந்தாள். உரலுக்கும் இரும்புக்கும் நடுவில் இன்னும் ஒரு சாண் இருந்தது. கார் விழுந்தால் உரல் பிடிக்கும், ஆனால் அந்த ஒரு சாணுக்குள் மூக்கு, பல்லு, நெற்றி எல்லாம் கணக்கில் வரும்.

அவளுக்கு முன்னால் இப்போது சுவர் இல்லை, கோழி இல்லை. கோணாமலை இருந்தான், ஆனால் அவன் வாயில் போட்டால் எது வெளியே வரும் என்று அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்.

"மசூர்," என்றாள். "வெளியில வாடா மனே."

ஏழு மாதத்தில் முதல் சொல். அதிலும் பெயர். பெயரோடு 'டா', கூடவே மகனே என்கிற 'மனே'. சந்தியில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தவர்களுக்குக் கூடக் கேட்டது, அவர்களில் மசூர் என்று பெயருள்ள மூன்று பேர் கோப்பையை வைத்துவிட்டு எழும்பினார்கள் என்று சொல்வார்கள்.

காருக்குக் கீழே இருந்த மசூருக்கு இந்தச் சத்தம் கைக்கெட்டும் தூரத்தில் கேட்டது. மாமி. இத்தனை கிட்ட. அவனுடைய முதல் எண்ணம் ஜக்கைப் பற்றியதல்ல. சாரன் முழங்காலுக்கு மேலே ஏறிக் கிடக்கிறது, மாமி தன் வெறுங்காலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறா என்பதுதான். வெட்கம் பிடுங்கித் தின்ன, ஆமை மாதிரி இரண்டு காலையும் படக்கென்று காருக்குக் கீழே இழுத்துக்கொண்டான்.

றஹீமா அந்தக் கால்கள் மறைவதைப் பார்த்தாள். மணலில் முழங்கால் குத்தி, கையை உள்ளே விட்டு, அகப்பட்ட ஒரு கணுக்காலைப் பிடித்தாள்.

"மாமி, விடுங்க," என்றான் மசூர். "காலைப் பிடிக்காதீங்க. பாவம் வந்து சேரும்."

"காரு வந்து சேரப் போகுதுடா. கோணாமலை, மத்தக் காலப் பிடி."

கோணாமலையுடையது கரைவலை இழுத்துப் பழகின கை. மற்றக் கணுக்காலைப் பிடித்தவுடன் அவனுக்குப் பழைய வேகம் வந்துவிட்டது. "ஏலேலோ, இழு அக்கா, மடி கனக்குது, ஐலசா," என்று வலை இழுக்கும் அம்பாப் பாட்டையே எடுத்துவிட்டான். இரண்டு இழுவை. மூன்றாவது இழுவையில் மசூர் வலையில் பட்ட கொப்பூர் மீன் மாதிரி, கையில் குறட்டோடு, முகமெல்லாம் கரியோடு, மணலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்து விழுந்தான்.

அவன் தலைக்கும் காருக்கும் நடுவில் ஒரு முழம் வெளிச்சம் விழுந்ததும் ஜக்கு போயிற்று. சரிந்து, படுத்து, மணலுக்குள் முழுதாகப் புதைந்தது. கார் இறங்கியது. உரலின்மேல் 'டொங்' என்று உட்கார்ந்தது. அந்த டொங்கில் அக்கரைப்பற்றுச் சந்தியில் நின்ற பஸ்கள் இரண்டு தாமாகப் புறப்பட்டன. இவ்வளவு பாடுபட்டுக் கட்டிய சைலன்சர் மட்டும் மெதுவாக, ஆறுதலாக, அவன் நெஞ்சு இருந்த இடத்தில் விழுந்து ஒரு குழி தோண்டியது.

மூன்று பேரும் அந்தக் குழியைப் பார்த்தார்கள். கோணாமலையின் வாய் கூட மூடியிருந்தது. அது அந்தக் கரையில் பெரிய அதிசயம்.

மசூர் மெல்லத் தலையைத் திருப்பினான். மாமியின் முகம் நேராக இருந்தது. ஏழு மாதத்தில் முதல்தரம் பார்க்கிறான். நபீலாவின் மூக்கு இவருடைய மூக்குத்தான் என்று அப்போதுதான் கண்டுபிடித்தான். றஹீமா முக்காட்டை இழுக்கக் கையைத் தலைக்குக் கொண்டுபோனாள், அது அங்கே இல்லை. மரத்தில் ஆடிக்கொண்டிருந்தது. இனி என்ன செய்வது. உடைந்த பானையில் மூடி போட்டு என்ன.

"படிச்ச மனிசனா நீங்க?" என்று தொடங்கினாள்.

தொடங்கியதுதான். ஏழு மாதம் அணைக்கட்டில் நின்ற தண்ணி. கதவு திறந்தால் வயலுக்கு எவ்வளவு என்று யார் அளப்பது. புது மணலில் ஜக்கு வைத்ததில் ஆரம்பித்து, ஈரச் சாரனைக் கதிரையில் போடுவது, பள்ளிக்கூட அப்பியாசப் புத்தகங்களைச் சோற்று மேசையில் அடுக்குவது, பாம்பு வந்தாலும் காலைத் தூக்காதது என்று போய், "சோத்துல உப்புக் கூடினாலும் ஒரு வார்த்தை சொல்ற இல்ல, கொறைஞ்சாலும் சொல்ற இல்ல, நான் என்னத்த எண்டு ஆக்குற?" என்று மூச்சு வாங்கினாள்.

மசூர் உட்கார்ந்தான். சாவு தொட்டுவிட்டுப் போனவனுக்கு ஒரு துணிச்சல் வரும்.

"அப்ப முட்டையச் சொல்லட்டா மாமி?" என்றான்.

"என்ன முட்டை?"

"விடியக்காலத்தால நாலு அவிச்ச முட்டை. வந்த நாள்ல இரிந்து. இண்டையோட எண்ணூத்தி நாப்பது. நபீலாவுக்கிட்டச் சொன்னா, உம்மா கோவிப்பா எண்டு அவ சொல்ற இல்ல. மாமி, கோழியக் கண்டா எனக்கு இப்ப நெஞ்சு அடைக்குது."

றஹீமா அவனை ஒரு நிமிசம் பார்த்தாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள். மணலில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணி வர. மசூரும் சிரித்தான். அவன் முகத்துக் கரிக்கு நடுவில் பல்லு மட்டும் வெள்ளையாகத் தெரிந்ததைக் கண்டு அவள் இன்னும் கூடச் சிரித்தாள்.

சிரித்து முடிந்ததும் கம்பி கட்டுவது பாக்கி இருந்தது. பெருநாளுக்கு இரண்டு நாள்தானே.

இந்தமுறை றஹீமா சொல்ல, மசூர் செய்தான். கோணாமலை நடுவில் நின்று பழக்கதோசத்தில் அவளுடைய வார்த்தையை அவனுக்கும் அவனுடையதை அவளுக்கும் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தான், யாரும் அவனைக் கவனிக்கவில்லை. மணலை வழித்துக் கட்டித்தரை வரும்வரை தோண்டினார்கள். ஆட்டுக் கொட்டிலில் கிடந்த பெரிய பலகையைக் கொண்டுவந்து போட்டு, அதன்மேல் ஜக்கு. பின் சில்லு இரண்டுக்கும் முன்னாலும் பின்னாலும் கல். கார் ஏறியதும் ஒரு பக்கம் உரல், மற்றப் பக்கம் சூறாவளியில் விழுந்த தென்னையில் அறுத்த குத்தி, இரும்பைத் தொட்டும் தொடாமலும் இறுக்கி. பிறகு றஹீமா சேலையை இடுப்பில் சொருகிக்கொண்டு காரின் மூக்கைப் பிடித்து ஆட்டினாள். அப்படி ஆட்டினால் கல்முனைக் கடலே ஒரு பக்கம் ஊற்றியிருக்கும். கார் அசையவில்லை.

"இப்பப் போ," என்றாள். "நான் இஞ்ச இரிப்பன். கூப்பிடக் கூப்பிடச் சத்தம் குடுக்கணும்."

உட்காருகிற பலாக்கட்டையைக் கொண்டுவந்து போட்டு, காரின் பக்கத்தில் உட்கார்ந்து, மிச்ச வெங்காயத்தை மடியில் வைத்துக்கொண்டாள். ஒரு வெங்காயத்துக்கு ஒருதரம் கூப்பிட்டாள்.

"மசூர்."

"ஓம் மாமி."

"மசூர்."

"இரிக்கன் மாமி."

அச்சிமுகம்மது சேற்றுக் காலோடு வட்டையிலிருந்து வந்து படலையில் கை வைத்தபோது இந்தக் கதைதான் கேட்டது. கையை எடுத்துவிட்டார். ரெண்டு எட்டுப் பின்னால் போய் மதிலைப் பார்த்தார், அடுத்த வீட்டைப் பார்த்தார், நடந்து வந்த தெருவையும் ஒருதரம் பார்த்தார். வீடு தன்னுடையதாகத்தான் இருந்தது. உள்ளே வந்து, முக்காடில்லாமல் காரடியில் இருந்த பெண்சாதியையும், காருக்குக் கீழே நீட்டிக்கொண்டிருந்த இரண்டு காலையும் மாறி மாறிப் பார்த்தார்.

"றஹீமா," என்றார் மெல்ல. "நீ யாரோட கதைக்காய் எண்டு தெரியுமா ஒனக்கு?"

றஹீமா விரலை வாயில் வைத்தாள்.

"சத்தம் போடாம அங்கால போங்க," என்றாள். "ஆள் கீழ கிடக்கு. மசூர்."

"ஓம் மாமி."